இரண்டாண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டுகள்: கம்யூனிட்டி காலேஜ் வழியாக ஆர்.என். ஆன ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டாண்டு அரசுக் கல்லூரியில் நர்சிங் படித்து, ஆர்.என். எனும் பதிவுபெற்ற செவிலியர் உரிமம் வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "ரெண்டு வருஷப் படிப்புதானே?" என்றுதான் கேட்பார்கள். படிப்பு இரண்டு வருடம்தான். ஆனால் அந்த வகுப்பறைக்குள் போய் உட்காரும்வரை ஆகும் காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே எழுதியிருப்பது கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண் 2018 முதல் 2024 வரை போன வழி. நானும் இதே மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ் வழியாக வந்த நர்ஸ். ஆரம்பத்திலிருந்தே அவர் என்னிடம் யோசனை கேட்டு வந்ததால், எந்த முடிவு எப்போது எதற்காக எடுக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி எதையும் குறிப்பிடவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவர்கள் தங்கள் படிப்பை மாநிலச் செவிலியர் வாரியத்தின் மதிப்பீட்டுக்கு அனுப்பி, நேராக என்க்ளெக்ஸ் எனும் உரிமத் தேர்வை எழுத அனுமதி கேட்கலாம். மதிப்பீட்டில் குறை என்று வந்தால் அந்தப் பாடத்தை மட்டும் படித்தால் பெரும்பாலும் போதும். விவரம் தெரியாமல் அவர்களிலும் சிலர் கம்யூனிட்டி காலேஜ் வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னணி

இவர் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவர். முடித்ததும் இரண்டு ஆண்டு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். திருமணத்துக்குப் பிறகு கணவரின் எச்-1பி வேலையோடு அமெரிக்கா வந்து, 2017 நடுவில் வேறொரு மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிமாறினார். விசா எச்-4, எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தருவது. அந்த விசாவில் படிக்கத் தடையில்லை, ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. கணவரின் பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஒப்புதல் பெற்ற பிறகுதான் மனைவி வேலை அனுமதிக்கு, அதாவது ஈ.ஏ.டி. அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். இந்த விதி வந்ததே 2015 மே மாதத்தில்தான். 2018-இல் அவர் கணவரின் மனு அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது.

கம்யூனிட்டி காலேஜில் கிடைப்பது ஏ.டி.என். எனும் இணைநிலைப் பட்டம். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து வாங்குவது பி.எஸ்.என். பட்டம் வேறானாலும் உரிமத் தேர்வு ஒன்றுதான், உரிமமும் ஒன்றுதான். இந்தக் குறுகிய பட்டத்தின் விதை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செவிலியர் பற்றாக்குறைக் காலத்தில் விழுந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த மில்ட்ரெட் மாண்டேக் வகுத்த திட்டம் 1952-இல் சில இளநிலைக் கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது. அந்தச் சோதனை இன்று நாடு முழுக்க வேர்விட்டிருக்கிறது.

கம்யூனிட்டி காலேஜை அவர் தேர்ந்தெடுக்கக் கட்டணமும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் குடியிருப்பாளர் என்று ஏற்கப்பட்டால் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் பாட அளவான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். நர்சிங்கில் சேருமுன் முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து 80 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் 3,680 டாலர்தான் வருகிறது. குடியிருப்பாளர் அல்லாதவருக்கு இது பல மடங்கு. எச்-4 விசாக்காரர் குடியிருப்பாளராகவே ஆக முடியாது என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓராண்டும் ஒரு நாளும் இம்மாநிலத்தில் வாழ்ந்ததை ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரித் தாக்கல் போன்றவற்றால் காட்டினால் போதும். இவர் வேறு மாநிலத்திலிருந்து வந்து அந்த ஓராண்டு முடியும்வரை காத்திருந்து, 2018 இலையுதிர்ப் பருவத்தில் சேர்ந்தார். நல்ல முடிவு. அவசரப்பட்டு ஒரு பருவம் முன்னால் சேர்ந்திருந்தால் அந்த ஒரு பருவத்துக்கே மொத்தப் படிப்பின் பாதிச் செலவு ஆகியிருக்கும்.

பட்டத்தை மதிப்பிடும்போது

இந்தியப் பட்டத்தை அமெரிக்கக் கல்லூரி ஏற்க, மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை வேண்டும். அறிக்கையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, "இந்தப் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம்" என்று மொத்தமாகச் சொல்வது. இன்னொன்று, படித்த ஒவ்வொரு பாடத்தையும் யூனிட், கிரேடுடன் பட்டியலிடுவது. இரண்டாவது விலை கூடுதல், பல்கலைக்கழகத்திலிருந்து உறையிட்ட மதிப்பெண் பட்டியலும் வரவேண்டும். உடற்கூறியலையும் உடலியங்கியலையும் எப்படியும் இங்கே படிக்கத்தான் வேண்டும் என்று கல்லூரி ஆலோசகர் சொல்லிவிட்டதால், பட்டியல் எதற்கு என்று நினைத்து முதல் வகையையே வாங்கினார். அந்த நேரத்தில் அது நியாயமான கணக்காகத்தான் தெரிந்தது. மூன்று வருடம் கழித்து அந்தச் சிக்கனம் நர்சிங் சேர்க்கையின் புள்ளிக் கணக்கில் வந்து இடித்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உடற்கூறியல் பருவம்

முதல் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரை, அடிப்படை வேதியியல் இரண்டையும் எடுத்தார். இரண்டிலும் ஏ. அந்தத் தெம்பில் 2019 வசந்தப் பருவத்தில் உடற்கூறியல், புள்ளியியல், உளவியல் மூன்றையும் ஒன்றாகப் போட்டார்.

உடற்கூறியல் செய்முறைத் தேர்வு நம் ஊர்த் தேர்வு மாதிரி இருக்காது. மாதிரி உடலிலும் எலும்பிலும் ஊசி குத்தியிருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிடம் அளவுக்குத்தான் நிற்கலாம். மணி அடித்தால் அடுத்ததுக்கு நகர வேண்டும். எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் குறையும். விரிவாக எழுதியே மதிப்பெண் வாங்கிப் பழகியவர் இவர். விடை தெரிந்தும் அந்த ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வரவில்லை. மார்ச் முடிவில் சராசரி 70-ஐ ஒட்டி நின்றது. அதாவது சி கிரேடு.

இந்த இடத்தில் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் சி என்பது தேர்ச்சி. தேர்ச்சி பெற்ற பாடத்தை, கிரேடு பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி எடுக்க முடியாது. டி, எஃப் வந்தாலோ, இடையில் விலகி டபிள்யூ வாங்கினாலோ மறுபடி படிக்கலாம். ஆக, நர்சிங் விண்ணப்பத்தில் சி கிரேடு எஃப் கிரேடைவிட மோசமான சிக்கலாகிவிடும். அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

விலகுவதற்கான கடைசித் தேதி நெருங்கியபோது அவர் போனில் கேட்டது: "அக்கா, விட்டுட்டா ஒரு வருஷம் போச்சே. சி-ன்னா பாஸ்தானே, அப்படியே ஓட்டிடலாமா?"

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நர்சிங் சேர்க்கையில் தனியாக எடை போடப்படுவது உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்றின் சராசரி. ஏ-க்கு 4, சி-க்கு 2 என்பது கணக்கு. யூனிட் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சி-யும் இரண்டு ஏ-யும் சேர்ந்து 3.33. விலகிவிட்டு மறுபடி படித்து மூன்றிலும் ஏ வாங்கினால் 4.0. அவர் குறிவைத்த கல்லூரி, திரும்பப் படித்ததற்குச் சிறிது புள்ளியைக் கழிக்கும். கழித்த பிறகும் இரண்டாவது வழியே மேல். ஆனால் மறுபடி எடுத்தால் ஏ வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? எழுத்துத் தேர்வுகளில் அவர் 85-க்கு மேல்தான் வாங்கியிருந்தார். சரிவு முழுக்க செய்முறையில்தான். அதற்குத் தேவை லேப் திறந்திருக்கும் நேரத்தில் மாதிரிகளின் முன்னால் போய் நிற்பது, அதற்கு நேரம் வேண்டும். மூன்று பாடமும் குழந்தையும் வைத்துக்கொண்டு அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. விலகினார். புள்ளியியலையும் உளவியலையும் முடித்தார்.

2019 இலையுதிர்ப் பருவத்தில் உடற்கூறியலை மட்டும் எடுத்து ஏ வாங்கினார். 2020 வசந்தத்தில் உடலியங்கியல் நடந்துகொண்டிருக்கும்போதே கோவிட் வந்து வகுப்பும் லேப்பும் திரைக்கு மாறின. அந்த இலையுதிர்ப் பருவத்தில் நுண்ணுயிரியல். இரண்டிலும் ஏ. திரைவழி லேப்பை எல்லா நர்சிங் துறைகளும் சாதாரணமாக ஏற்பதில்லை. தொற்றுக் காலப் பருவங்களுக்கு விலக்கு உண்டு என்பதை விண்ணப்பிக்கவிருந்த இரண்டு கல்லூரிகளிடமும் மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் விண்ணப்பம், 2021

டீஸ் எனும் நுழைவுத் தேர்வில் 170 கேள்விகள்: வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களுக்குக் குறைந்தபட்சம் 62 விழுக்காடு வேண்டும். இவருக்கு 80-க்கு மேல். ஆனாலும் இரண்டு கல்லூரிகளிலும் இடம் கிடைக்கவில்லை. ஒன்று தகுதியுள்ளவர்களிடையே குலுக்கல் போடும் கல்லூரி. அதில் காரணம் தேட எதுவும் இல்லை. மற்றது ஒவ்வொரு தகுதிக்கும் புள்ளி கொடுத்து அந்தக் கணக்கில் இடம் தரும் கல்லூரி. அங்கே சில புள்ளிகளில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விட்டார். தொற்றுக் காலத்தில் பயிற்சிக்கு மாணவர்களை மருத்துவமனைகள் அனுமதிக்கத் தயங்கியதால் அந்தப் பட்டியலும் நகரவில்லை.

புள்ளிகள் எங்கே போயின என்று பார்த்தபோது இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. சுகாதாரப் பணி அனுபவத்துக்குச் சுழியம். இந்தியப் பரிசோதனை நிலைய வேலையைக் கல்லூரி கணக்கில் எடுக்கவில்லை. இன்னொன்று எனக்கே வியப்பாக இருந்தது: ஆங்கிலம் தவிர்த்த மொழித் தேர்ச்சிக்கும் சுழியம்.

கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம், நர்சிங் சேர்க்கையில் பல அளவுகோல்களைப் பயன்படுத்தும் கம்யூனிட்டி காலேஜ்கள் எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. முந்தைய பட்டம், ஜி.பி.ஏ. எனும் கிரேடு சராசரி, பணி அனுபவம், குடும்பச் சூழல், அதோடு நோயாளிகள் பேசும் பிற மொழிகளில் தேர்ச்சி. ஸ்பானிஷ், தகலாக், சீனம் வரிசையில் இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளையும் அந்தச் சட்டம் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. தமிழும் அதில் அடங்கும். ஆனால் தமிழ் தாய்மொழி என்று எழுதிக்கொடுத்தால் போதாது, படித்ததற்குச் சான்று வேண்டும் என்றது கல்லூரி. அவருடைய பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழ், நான்கு பருவம். அது பாடவாரியான அறிக்கையில்தான் வரும். அவரிடம் இருந்ததோ மொத்த மதிப்பீடு மட்டும். உடனே பாடவாரி மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் உறையிட்டு வந்து சேர்வதற்குள், ஊரில் இருக்கும் அவர் அண்ணன் அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருந்தது.

குறுக்கு வழி ஒன்று

அதே 2021 கோடையில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வந்தது. காத்திருப்பு கிடையாது, ஆறு வாரத்தில் வகுப்பு தொடங்கும், கட்டணம் 80,000 டாலருக்கு மேல். கணவர் அதற்குச் சம்மதமாகத்தான் இருந்தார். "மூணு வருஷம் போயிடுச்சு, ஆர்.என். ஆனா ஒரே வருஷத்துல எடுத்துடலாம்" என்பது அவர் வாதம். முட்டாள்தனமான வாதம் என்று சொல்ல மாட்டேன். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஆண்டுச் சம்பள இழப்புதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே கணக்குப்படி நாடு முழுவதற்குமான ஆர்.என். நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 86,070 டாலர், கலிஃபோர்னியாவில் அதைவிட அதிகம்.

மூன்று விஷயங்களைச் சரிபார்த்தோம். மாநில வாரியத்தின் ஒப்புதல் பட்டியலில் அந்தக் கல்லூரி இருந்தது. ஆனால் வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் என்க்ளெக்ஸ் முதல்முறைத் தேர்ச்சி விகிதத்தில், மாநில விதி கேட்கும் 75 விழுக்காட்டை ஒட்டியே சில ஆண்டுகளாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக, அந்தப் பட்டத்தை வைத்துப் பின்னால் பி.எஸ்.என். சேர முடியுமா என்று பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தைக் கேட்டோம். தெளிவான பதில் வரவில்லை. எச்-4 விசாக்காரருக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் இல்லை. முழுத் தொகையும் தனியார் கடனாகத்தான் வாங்க வேண்டும். முதல்முறையில் தேறாவிட்டால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

வேண்டாம் என்று முடிவானது. அந்தக் கல்லூரி போலி அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் காத்திருக்க முடியாதவர்களின் தவிப்பை வைத்து நடக்கும் வியாபாரம் எதுவரை போகும் என்பது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. ஃபுளோரிடாவின் மூன்று பள்ளிகள் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. வாங்கியவர்களில் பலர் உரிமமும் பெற்றிருந்தார்கள்.

காத்திருந்த ஆண்டில் நடந்தது

2020 முடிவில் கணவரின் ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தது. ஈ.ஏ.டி. விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுத்தது. அதற்காக உட்கார்ந்திருக்காமல், 2021 கோடையிலேயே சி.என்.ஏ. பயிற்சியில் சேர்ந்தார். நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ரத்த அழுத்தம் எடுப்பது எல்லாம் இந்த உதவியாளர் வேலை. படிப்பதற்கு வேலை அனுமதி தேவையில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அட்டை வந்ததும் ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் இரவு ஷிப்டில் சேர்ந்தார்.

பட்டதாரி ஏன் மலஜலம் அள்ளப் போக வேண்டும் என்று ஊரிலிருந்து போனில் கேட்டவர்கள் உண்டு. புள்ளிக்காகத்தான் போனார், அதை மறைக்கவில்லை. போன பிறகு கிடைத்தது வேறு. எந்த நோயாளி வழக்கத்தைவிட இன்று மந்தமாக இருக்கிறார் என்பதை அட்டவணை பார்க்காமலே கவனிக்கப் பழகினார். பின்னால் வகுப்பில் மற்றவர்கள் படுக்கை விரிக்கவும் ஆளைத் தூக்கவும் திணறிக்கொண்டிருந்தபோது இவர் மருந்திலும் நோயிலும் மனதைச் செலுத்த முடிந்தது.

2022-இல் மொழிப் புள்ளியும் சி.என்.ஏ. புள்ளியும் சேர்ந்து இடம் கிடைத்தது.

நுழைவாயிலில் ஒரு காசநோய்ச் சோதனை

சேர்க்கைக்குப் பின் தடுப்பூசிச் சான்று, குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை எல்லாம் வரிசையாக வந்தன. காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனையில் கை தடித்துவிட்டது. நம் ஊரில் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நோய்த்தொற்று இல்லாமலே நேர்மறை காட்டும். மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைந்து கடைசித் தேதிக்கு முன்னால் முடித்தார். பி.சி.ஜி. போட்டவர்கள் முதலிலேயே ரத்தப் பரிசோதனை வகையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அது பி.சி.ஜி.யால் குழம்பாது.

நான்கு பருவங்கள்

முதல் பருவத்தில் மாமியார் சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். மருத்துவமனைப் பயிற்சிக்கு விடியுமுன் கிளம்ப வேண்டியிருந்ததால் இது இல்லாமல் முடிந்திருக்காது. அவர் திரும்பிய பிறகு கணவர் தன் அலுவலக நேரத்தை மாற்றிக்கொண்டார்.

முதல் தேர்வில் 73. அந்தத் துறையில் தேர்ச்சிக்கு 75, அரைப் புள்ளியைக்கூட மேலே தள்ள மாட்டார்கள். இரண்டு முறை தவறினால் படிப்பை விட்டு வெளியேற வேண்டும். அவர் பாடத்தைப் படிக்காமல் இல்லை. கேள்வி அவர் பழகிய வகையில் இல்லை. நான்கு விடையுமே சரியாக இருக்கும், "முதலில் எதைச் செய்வீர்கள்" என்று கேட்பார்கள். அல்லது பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், எத்தனை என்று சொல்ல மாட்டார்கள். அவர் குறிப்பேட்டைப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் நோய்களின் இலக்கணம், காரணம், அறிகுறி எல்லாம் மனப்பாடத்துக்குத் தயாராக இருந்தன. எந்த நோயாளியை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

இரண்டு மாற்றங்கள் செய்தார். இரவு ஷிப்ட்களை மாதத்துக்கு இரண்டாகக் குறைத்தார். படிக்கும் நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கு ஒதுக்கி, தவறிய ஒவ்வொன்றிலும் தான் தேர்ந்த விடை ஏன் இரண்டாவதாக வர வேண்டியது என்று எழுதினார். பருவ முடிவில் 81.

இரண்டாவது பருவத்தில் நடந்ததைத்தான் இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பமாக நினைக்கிறேன். அறுவைச் சிகிச்சை வார்டில் அவர் பொறுப்பில் இருந்த நோயாளிக்குக் காலை ஒன்பது மணிக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை. ரத்த அழுத்தம் எடுத்தார்: 94-க்கு 52, ஏற்கெனவே குறைவு. கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், கொடுக்கவும் இல்லை. வார்டு நர்ஸ் ஒரு மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று கதவோரம் நின்றார். இருபது நிமிடம் ஓடிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயிற்சி ஆசிரியர் எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார். அவர் எழுதியதன் சாரம்: கவனித்தது சரி, முடிவு சரி, ஆனால் சொல்லாத தகவலால் நோயாளிக்குப் பயன் இல்லை.

உச்சரிப்புதான் பிரச்சினை என்று இவர் எடுத்துக்கொண்டு ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேரப் பார்த்தார். அது தேவைப்படவில்லை. இவர் பேசுவது எல்லாருக்கும் புரிந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்த பழக்கம் அது. வார்டில் அதை மாற்றியாக வேண்டும். இங்கே நர்ஸ்கள் தகவல் சொல்லப் பயன்படுத்தும் எஸ்-பார் முறை இருக்கிறது: நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள். அதை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார். குறுக்கிடுவதற்கு ஒரே ஒரு தொடக்க வரியைத் தயார் செய்து, பொம்மை நோயாளி இருக்கும் லேப்பில் சக மாணவி மருத்துவராக நடிக்க, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். பருவ முடிவில் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அதே சமயம் இன்னொரு முடிவும் வந்தது. ஏ.டி.என். படிக்கும்போதே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு அவர் கல்லூரியில் இருந்தது. எச்சரிக்கை கையில் இருந்த நேரம் என்பதால் மறுத்துவிட்டார். மூன்றாம் நான்காம் பருவங்களில் மனநலம், குழந்தைகள் பிரிவுகள். அங்கே சொல்லும்படியாகச் சிக்கல் எதுவும் இல்லை.

உரிமமும் வேலையும்

2024 மே மாதம் பட்டம். கலிஃபோர்னியாவில் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் வரி அடையாள எண்ணை வைத்தும் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஈ.ஏ.டி. இருந்ததால் இவருக்கு அந்தத் தேவை வரவில்லை. தேர்வுக் கட்டணம் 200 டாலர். 2023 ஏப்ரலிலிருந்து என்க்ளெக்ஸ் புது வடிவத்தில் நடக்கிறது: குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் ஐந்து மணி. ஒரே நோயாளியின் அட்டவணையைக் காட்டி, நிலைமை மாற மாற அடுத்தடுத்துக் கேள்வி கேட்கும் பகுதிகள் சேர்ந்திருக்கின்றன. முதியோர் மையத்தில் அட்டவணையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவருக்கு அந்தப் பகுதிதான் எளிதாக இருந்ததாம். ஜூலையில் எழுதினார். 85-இல் கணினி நின்றது. முதல் முறையிலேயே தேர்ச்சி.

வேலை அத்தனை சுலபமாக வரவில்லை. பே ஏரியா மருத்துவமனைகளின் புதுப் பட்டதாரிப் பயிற்சிப் பணிகளுக்குக் கடும் போட்டி. பெரும்பாலான அறிவிப்புகளில் பி.எஸ்.என். விரும்பத்தக்கது அல்லது கட்டாயம் என்று இருந்தது. 2020-க்குள் செவிலியர்களில் 80 விழுக்காட்டினர் பி.எஸ்.என். பெற வேண்டும் என்று இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் எனும் அமெரிக்க ஆலோசனை அமைப்பு 2010-இல் பரிந்துரைத்ததிலிருந்து பெரிய மருத்துவமனைகளின் போக்கு இதுதான். நியூயார்க்கில் 2017-இல் சட்டமே வந்துவிட்டது: உரிமம் பெற்ற பத்து ஆண்டுக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அப்படிச் சட்டம் இல்லை. நடைமுறையில் மட்டும் இருக்கிறது.

பே ஏரியாவை விட்டு மாநிலத்தின் உட்பகுதியான மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தால் மருத்துவமனை வேலை விரைவில் கிடைத்திருக்கும். கணவர் வேலையையும் மகள் பள்ளியையும் விட்டு நகர முடியவில்லை. கடைசியில் சி.என்.ஏ.வாக வேலை பார்த்த அதே முதியோர் மையம் ஆர்.என். பணி கொடுத்தது. மருத்துவமனையில் பொது வார்டு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று இம்மாநிலத்தில் விதி இருக்கிறது. முதியோர் மையத்துக்கு அந்த விதி பொருந்தாது. முதல் மாதங்களில் அவர் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை அதைப் போலப் பல மடங்கு.

அடுத்து வருபவர்கள் மாற்றிச் செய்யக்கூடியவை

பாடவாரி மதிப்பீட்டை முதல் பருவத்துக்கு முன்பே வாங்கிவிடலாம். தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் பலருக்குப் பகுதி ஒன்று தமிழ் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதற்குப் புள்ளி கொடுப்பதில்லை. குறிவைத்திருக்கும் கல்லூரியின் புள்ளித்தாளைப் பார்த்துவிட்டுச் செலவழிப்பது உத்தமம். மூன்று உயிரியல் பாடங்களையும் பருவத்துக்கு ஒன்று என்று தனியாக எடுப்பது தாமதம் போலத் தெரியும். இந்த நிகழ்வில் உடற்கூறியலை வேறு இரண்டு பாடங்களோடு சேர்த்துப் போட்டதுதான் தாமதமானது. சி.என்.ஏ. பயிற்சியை முன்தேவைப் பாடங்களுக்கு நடுவில் ஒரு கோடையில் முடித்திருந்தால், 2021 விண்ணப்பத்திலேயே அந்தச் சான்றுக்கான புள்ளி சேர்ந்திருக்கும்.

பி.எஸ்.என்.-ஐச் சேர்த்துப் படிக்காமல் விட்டதை நான் குறையாகச் சொல்லத் தயங்குகிறேன். வேலைச் சந்தையை மட்டும் பார்த்தால் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எச்சரிக்கையோடு கூடுதல் பாடமும் சேர்ந்திருந்தால் இரண்டும் கைநழுவியிருக்கலாம். அவர் இப்போதும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்கிறார். அவர் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை.

2025 தொடக்கத்தில் இணையவழிப் பி.எஸ்.என்.-இல் சேர்ந்தார். கட்டணத்தில் ஒரு பகுதியை முதியோர் மையம் ஏற்றுக்கொள்கிறது. கணவரின் எச்-1பி காலமும் இவருடைய ஈ.ஏ.டி. அட்டையும் ஒரே தேதியில் முடிபவை என்பதால், மருத்துவமனை வேலைக்கு மனுப் போடுவதைப் புது அட்டை வரும்வரை தள்ளி வைத்திருக்கிறார்.